கையில் ஜெல்லோடு அழைத்துப் போனார்கள்

என் இடது காலில் முழங்காலுக்குக் கீழே தோல் இரண்டு நிறமாக இருக்கும். புடவை மறைத்துவிடுவதால் சட்டென்று யாருக்கும் தெரியாது. எப்போதாவது பார்த்துவிடும் பெண்கள் "எப்படி ஆச்சு?" என்று கேட்பதில்லை. குரலைத் தாழ்த்தி, "யாரு பண்ணது?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியின் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை.

யாரும் பண்ணவில்லை. செங்கல் சரிந்தது.

கல்யாணமாகி ஆரணிக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் போயிருந்தது. தெருவில் ஒன்றிரண்டு வீடுகளில் பவர்லூம் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. என் வீட்டுக்காரர் வீட்டிலேயே கைத்தறி போட்டு ஒரு வியாபாரிக்குப் புடவை நெய்து கொடுத்தார். நான் பக்கத்துத் தெருவில் இருந்த சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போனேன். நூல் கட்டுகளை அலசுவது, பிழிவது, கழியில் போட்டு உலர்த்துவது என் வேலை.

பட்டு நூலுக்குச் சாயம் போடும் முன்னால் அதன் பசையை எடுக்க வேண்டும். சோப்பும் சோடாவும் கரைத்த தண்ணீரைப் பெரிய அண்டாவில் கொதிக்க வைத்து, நூலை அதில் முக்கி முக்கி எடுப்பார்கள். அந்த அண்டா உட்கார்ந்திருந்த விறகடுப்பில் ஒரு பக்கத்துச் செங்கற்கள் ஆடிக்கொண்டிருந்தன. மண் பூசியிருந்த இடம் உதிர்ந்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நெருப்பு தெரியும். நாங்கள் முதலாளியிடம் சொன்னோம். பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்றார். பொங்கல் போனது. மறுபடி சொன்னோம். "ஆடினா ஒரு கல்ல மாட்டி வுடுங்கம்மா, இதுக்கெல்லாமா என்னக் கூப்பிடுவீங்க" என்றார்.

அன்று காலை நான் அலசிய நூலோடு அடுப்பைத் தாண்டிப் போனேன். கல் சரிந்தது, அண்டா என் பக்கமாகச் சாய்ந்தது. முதலில் சூடே தெரியவில்லை. யாரோ காலை இறுக்கிப் பிடித்ததுபோல் இருந்தது. அப்புறம்தான் கத்தினேன்.

கைக்கு எட்டும் தூரத்தில் அலசும் தொட்டி நிறையப் பச்சைத்தண்ணீர் இருந்தது. அதை மொண்டு என் காலில் ஊற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் பட்டால் கொப்புளம் வரும் என்று ஒருவர் தடுத்தார். இன்னொருவர் கடைக்கு ஓடி இங்க் பாட்டில் வாங்கி வந்து, முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் ஊற்றினார். எழுதுகிற நீல இங்க். நான் சோடாத் தண்ணீரில் வெந்துகொண்டிருக்கிறேன், அவர்கள் என் காலுக்கு நீலம் அடிக்கிறார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். அதனால் கோபம் குறைந்துவிடுமா என்ன?

முதலாளி ஸ்கூட்டரில் வந்தார். ஆட்டோ பிடித்தார். டிரைவருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, வழியெல்லாம் பின்னால் திரும்பி என்னிடம் பேசிக்கொண்டே வந்தார்.

"இந்தாம்மா, ஆஸ்பத்திரில கேட்டா, வீட்ல வெந்நீர் கொட்டிகிச்சின்னு சொல்லு. பட்டறைன்னு சொன்னா கேஸாயிடும். பட்டறைய மூடிடுவாங்க. அத்தினி பேர் பொழப்பு கெட்டுப் பூடும். செலவு நான் பாத்துக்கறேன். புரியுதா?"

எனக்குப் புரிந்தது வலி ஒன்றுதான். தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் ஆட்டோவிலிருந்து குதி என்று சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா ஒருவர் இங்க்கைக் கழுவி எடுத்தார். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "இத எதுக்கு ஊத்தினீங்க? காயம் எவ்வளவு ஆழம்னு நான் எப்படிப் பார்க்கறது?" என்று என்னைத் திட்டினார். நானா ஊற்றிக்கொண்டேன்?

கழுவிக்கொண்டே நர்ஸம்மா கேட்டார். "எப்படிம்மா ஆச்சி?"

"வீட்ல வெந்நீர்."

"வெந்நீரா? சோப்பு வாசன அடிக்குது."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மாமியாரா?"

என் மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். அதைச் சொன்னேன். "அப்ப புருஷனா?" என்றார், வேறு துண்டு எடுத்து நனைத்தபடியே. இல்லை என்று தலையாட்டினேன். எல்லாப் பெண்களும் இப்படித்தான் தலையாட்டுவார்கள் என்பதுபோலப் பார்த்தார்.

சேதி கேட்டு என் வீட்டுக்காரர் சட்டையில் நூல் துணுக்குகள் ஒட்டிய கோலத்திலேயே ஓடி வந்தார். அவர் உள்ளே வந்ததும் நர்ஸம்மா, "வீட்ல வெந்நீர் எப்படிய்யா கொட்டிச்சி?" என்று கேட்டார். அவர் என் முகத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற முதலாளியைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்ன சொல்வதென்று தெரியாமல் அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குத்தான் பின்னால் அவ்வளவு அர்த்தம் கற்பித்தார்கள்.

வார்டில் இருந்தவரை காயத்துக்கு நர்ஸம்மாவே மருந்து போட்டார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார். வெள்ளிச் சத்து சேர்ந்தது, காயத்தில் கிருமி தங்காமல் பார்த்துக்கொள்ளும் என்றார். மெடிக்கலில் சீட்டைக் காட்டினால்தான் தருவார்கள். என் வீட்டுக்காரரை நிற்க வைத்து டாக்டரே சொல்லிக் கொடுத்தார். "சோப்புப் போட்டு கையக் கழுவணும். கிளவுஸ் போடணும். பழைய கட்டு ஒட்டியிருந்தா இழுக்கக் கூடாது, சலைன் ஊத்தி ஊற வெச்சி எடுக்கணும். காயத்த ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. அப்புறம் ஜெல்ல மெல்லிசா தடவி, காஸ் வெச்சிக் கட்டணும். தினமும். வேற எதையும் போடக் கூடாது. மஞ்சள், எண்ணெய், மாவு, ஒண்ணும் கூடாது. பச்சையா சீழ் வந்தாலோ, வாடை அடிச்சாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வரணும்."

அவர் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க சார்" என்றார்.

முதல் நாள் வீட்டில் கட்டைப் பிரித்ததும் அவர் எழுந்து தோட்டத்துப் பக்கம் ஓடி வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் கையைக் கழுவினார், மறுபடியும் கிளவுஸ் மாட்டினார். "வலிச்சா சொல்லு, நிறுத்திடறேன்" என்றார். ஜெல் பட்டபோது முதலில் குளிர்ந்தது, பிறகு சுருக்கென்றது. நான் பல்லைக் கடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தடவியதில் பாதி ஜெல் பாயில் விழுந்தது. "காலப் பாத்துப் போடுங்க" என்று எரிந்து விழுந்தேன். நாலைந்து நாளில் பழகிவிட்டார். தறியை நிறுத்தி வைத்துவிட்டு, தினமும் குளித்த கையோடு வந்து உட்காருவார்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தேங்காய் எண்ணெயில் சுண்ணாம்பைக் குழைத்துப் போடு என்றார் ஒருவர். இட்லி மாவுதான் குளிர்ச்சி என்றார் இன்னொருவர். "டாக்டர் கூடாதுன்னுட்டாருங்க" என்று இவர் சொன்னால், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். வாசலைத் தாண்டியதும் வேறு பேசினார்கள். அது என் காதில் விழாமல் இல்லை. "பாவம், அவனே ஊத்திட்டு அவனே மருந்து போட்டுகினு கெடக்கறான்."

கண்ணமங்கலத்திலிருந்து என் அண்ணன் வந்தான். கட்டிலில் உட்கார்ந்து என்னை மட்டும் பார்த்துப் பேசினான். இவர் டீ கொண்டுவந்து வைத்தார். அது ஆறி ஏடு கட்டும்வரை அண்ணன் தொடவே இல்லை. இவர் வெளியே போன சமயம் பார்த்துக் கேட்டான். "சொல்லு. அண்ணன் இருக்கறேன். இன்னா நடந்திச்சி?"

"பட்டறைல அண்டா சாஞ்சிச்சி. மொதலாளிதான் வீட்லன்னு சொல்லச் சொன்னாரு."

"ஆஸ்பத்திரில ஒண்ணு சொல்ற, எங்கிட்ட ஒண்ணு சொல்ற. அவனுக்குப் பயந்துகினு பேசாத."

"யாருக்கும் பயமில்லண்ணா. நெஜமாத்தான்."

அவன் நம்பவில்லை. அன்றே பஸ் ஏறிப் போய்விட்டான்.

போலீஸ்காரர் வந்தது அதற்கடுத்த வாரம். தீக்காயம் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தாலே ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். கல்யாணமாகிச் சில வருஷமே ஆன பெண் என்றால் விசாரித்தே தீர வேண்டும். அது சரியான சட்டம்தான். எத்தனையோ பெண்களுக்காகப் போட்ட சட்டம். அதில் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் அவர் வந்த நேரம், என் கால் திறந்து கிடந்தது. சலைன் ஊற்றி ஒத்தி எடுத்தாகிவிட்டது. இவர் டியூபைப் பிதுக்கி விரல் நுனியில் ஜெல்லை எடுத்து என் கணுக்காலுக்குக் கொண்டு வந்திருந்தார்.

"நீதான் புருஷனா? எழுந்து வா. ஐயா கூப்பிடறாரு."

"சார், கட்டு போட்டுட்டு வந்துடறேன். அஞ்சு நிமிஷம்."

"எல்லாம் அப்புறம் போட்டுக்கலாம், வாய்யா."

"காயம் தொறந்து கெடக்குது சார்."

"தொறந்து வுட்டதே நீதானே."

இவர் என்னைப் பார்த்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் தூக்கிப் பிடித்தபடியே எழுந்தார். கிளவுசைக் கழற்றக்கூட விடாமல் கூட்டிப் போனார்கள். விரலில் ஜெல் மினுமினுக்க, கையை ஏந்திக்கொண்டு அவர் தெருவில் நடந்ததை அக்கம்பக்கத்தார் எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஒருவர்கூட, "அந்த ஆளு அப்படிப்பட்டவன் இல்ல" என்று சொல்லவில்லை. பட்டறையில் என்னோடு நூல் பிழிந்த பெண் எதிர் வீட்டில் இருந்தாள். அவள் கண்ணெதிரேதான் அண்டா சாய்ந்தது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

நானே ஜெல்லைத் தடவினேன். குனிந்து குதிகாலை எட்ட முடியவில்லை. காஸை எப்படியோ சுற்றிக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்து நொண்டி நொண்டித் தெருமுனைக்குப் போய் ஆட்டோவில் ஏறினேன்.

ஸ்டேஷனில் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். செங்கல், அண்டா, இங்க், ஆட்டோவில் முதலாளி சொன்னது. அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அப்ப ஆஸ்பத்திரில ஏம்மா வீட்லன்னு சொன்ன?"

"மொதலாளி சொல்லச் சொன்னாருங்க."

"இப்ப இத யாரு சொல்லச் சொன்னது? புருஷனா?"

உண்மையைச் சொல்லுங்கள் என்று பெண்களிடம் சொல்கிறார்கள். சொன்னால், அது அவர்கள் எதிர்பார்த்து வைத்திருக்கும் உண்மையாக இருக்க வேண்டும். நான் புருஷன்தான் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே நம்பியிருப்பார்கள்.

முதலாளியைக் கூப்பிட்டனுப்பினார்கள். வெள்ளை வேட்டியில் வந்தார். வந்ததும் நாற்காலி போட்டார்கள். கால் வெந்த நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இந்தம்மா உங்க பட்டறைல வேல செய்யுதா?"

"எப்பனா வரும் சார். கூட்டிப் பெருக்கிட்டுப் போவும். அடுப்புப் பக்கம் நாங்க பொம்பளைங்கள வுடறதே இல்ல."

"அண்டா சாஞ்சிச்சாமே?"

"எங்க அண்டா நல்லாத்தான் சார் இருக்குது. வேணும்னா வந்து பாருங்க."

பார்த்தாலும் ஒன்றும் இருந்திருக்காது. நான் வார்டில் படுத்திருந்தபோதே பழைய அடுப்பை இடித்து, சிமெண்ட் வைத்துப் புதிதாகக் கட்டிவிட்டார். பொங்கலுக்கு அப்புறமும் முடியாத வேலை என் கால் வெந்ததும் முடிந்துவிட்டது.

"பொய் சொல்றீங்க" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "ஆட்டோல இன்னா சொன்னீங்க? உங்க வாயாலதானே சொன்னீங்க?" அவர் என் பக்கம் திரும்பவில்லை. சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "சார், அந்தப் பையன் நல்லவன். எனக்குத் தெரியும். எதோ வீட்ல தவறிப் போயி கொட்டிகிச்சி. நானே ஜவாப்தாரி, வுட்டுடுங்க."

நான் சொன்னால் எடுபடாத ஒன்று அவர் சொன்னதும் எடுபட்டது. வீட்டில் வெந்நீர் கைதவறிக் கொட்டியது, யார் மேலும் புகார் இல்லை என்று எழுதி என்னிடம் நீட்டினார்கள். போட மாட்டேன் என்றேன். பெஞ்சிலிருந்து இவர் வாய் திறந்தார். ஸ்டேஷனில் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"போட்டுடும்மே. வூட்டுக்குப் போலாம். உன் கால் ஈரம் கசியுது பாரு."

குனிந்து பார்த்தேன். கட்டு முழுதும் நனைந்து, ஸ்டேஷன் தரையின் மண் அதில் ஒட்டியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். சப்-இன்ஸ்பெக்டர் முதலாளியைக் காட்டி, "ஐயாவுக்கு நன்றி சொல்லிட்டுப் போங்க" என்றார். இவர் கும்பிட்டார். நான் கும்பிடவில்லை.

இரண்டொரு நாளில் காய்ச்சல் வந்தது. குதிகால் பக்கம் பச்சையாகச் சீழ் பிடித்து, கட்டைப் பிரித்ததும் வாடை அடித்தது. மறுபடியும் வார்டு. மறுபடியும் ஊசி. டாக்டர் இவரைத்தான் திட்டினார். "சுத்தமா போடணும்னு அவ்வளவு சொன்னேனே, என்னய்யா கவனிக்கற?" இவர் தலையைக் குனிந்து, "தப்புதான் சார்" என்றார். போலீஸ் கூட்டிப் போனதைச் சொல்லவே இல்லை. நான் படுத்த இடத்திலிருந்து சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. டாக்டர் கேட்டுக்கொண்டார். "சரி, இனிமே பாத்துக்கலாம்" என்று அடுத்த கட்டிலுக்குப் போனார்.

திரும்ப வீட்டுக்கு வந்தபோது கையிருப்பு ஜெல் தீரும் நிலையில் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பட்டறை ஆள் ஒருவர் ஒரு பை கொண்டுவந்தார். உள்ளே அதே ஜெல், டியூப் டியூபாக. "மொதலாளி குடுத்தனுப்பினாரு" என்றார்.

அதைத் தெருவில் வீசியிருந்தால் என் கோபத்துக்கு நன்றாக இருந்திருக்கும். வீசவில்லை. இவர் பையைப் பிரிக்காமல் என் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தார். "போடுங்க" என்றேன். முதலாளி வாங்கியதானாலும் நாங்கள் வாங்கியதானாலும் மருந்து மருந்துதான். புண் ஆற வேண்டும், நான் நடக்க வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம். ஆனாலும் ஒவ்வொரு முறை டியூபைத் திறக்கும்போதும் அந்த வெள்ளை வேட்டி ஞாபகம் வந்து வயிறு எரிந்தது.

புண்ணின் ஓரங்களிலிருந்து இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் உள்நோக்கி வந்தது. தோல் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும் என்று பயமுறுத்திய டாக்டர், கடைசியில் வேண்டாம் என்றார். கட்டு இல்லாமல் நான் நடந்த அன்று இவர் தறியில் உட்கார்ந்தார். நெய்ய முடியாமல் நடுவில் எழுந்து வந்து என் கால் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டுப் போனார். நான் அந்தப் பட்டறைப் பக்கம் திரும்பவும் போகவில்லை. வேறு இடத்தில் நூல் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தேன்.

அண்ணன் மட்டும் மாறவில்லை. விசேஷங்களுக்கு என்னைக் கூப்பிடுவான். இவரை "வாங்க மாப்ள" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்பால் போய்விடுவான். எங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். இப்படியே வருஷங்கள் ஓடின.

அவன் மகளுக்குக் காது குத்திய அன்று கண்ணமங்கலத்தில் வீடு நிறைய ஜனம். பந்தி நடந்துகொண்டிருந்தது. அண்ணன் என்னை ஓரமாக இழுத்துக் கேட்டான். "இப்ப எப்படி இருக்கறாரு? கைநீட்டறது கீட்டறது உண்டா? மறைக்காத."

எனக்குள் எதுவோ அறுந்தது. கூடத்துக்கு நடுவே வந்து நின்றேன். புடவையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினேன். பெண்கள் பதறினார்கள். அண்ணி, "அய்யோ, ஆம்பளைங்க இருக்காங்க" என்று கையைப் பிடித்தாள். உதறினேன்.

"எல்லாரும் நல்லா பாத்துக்குங்க. இது பட்டறைல வெந்த காலு. எங்கண்ணன் இத்தினி வருஷமா வேற எதோ நெனச்சிகினு இருக்குது. வெந்தது எங்க மொதலாளியால. இத தெனம் கழுவி, மருந்து போட்டு, ஆற வெச்சது அதோ, எலைல ஒக்காந்துகினு இருக்கறாரே, அவரு. மருந்து போட்டுகினு இருக்கறப்பவே போலீஸ்ல இட்டுகினு போனாங்க அவர. எங்கண்ணன் இன்னும் வுடவே இல்ல."

இவர் பந்தியில் சோற்றைப் பிசைந்த கையோடு, "வுடு, வுடு, எதுக்கு இப்ப" என்றார். அவருக்கு எப்போதும் அதுதான்.

அண்ணன் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டு பந்திக்குப் போனான். வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்து, இவர் இலைக்கு முன் நின்றான். "போதும் மச்சான்" என்று இவர் கையால் மறித்த பிறகும் ஊற்றினான். அந்த வருஷத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான்.

அதற்காக நான் ஆறிவிட்டேன் என்று எழுத மாட்டேன். என் அண்ணன் ஒருத்தன் நம்பினான். ஸ்டேஷனில் நான் கையெழுத்துப் போட்ட தாளில், வீட்டில் கைதவறிக் கொட்டிய வெந்நீர் என்றுதான் இன்றைக்கும் இருக்கும்.